வெளிவாரிப் பட்டம்: காசு கட்ட முதல் முழுக் கணக்கையும் எழுத்தில வாங்குங்க

திருகோணமலை மாவட்டம் தம்பலகாமத்தில இருந்து ஒரு தாய் கேட்டிருக்காங்க. மகன் உயர்தரத்தில (ஏ.எல்.) கொமர்ஸ்ல மூண்டு பாடமும் பாஸ், ஆனா கம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற இசட் ஸ்கோர் புள்ளி வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழ போயிட்டுது. டவுன்ல ஒரு சென்டர்ல "அரச பல்கலைக்கழகத்திட வெளிவாரிப் பட்டம், மூண்டு வருஷம், மொத்தம் மூண்டரை லட்சம், இந்தக் கிழமைக்குள்ள 75,000 கட்டினாத்தான் இடம்" எண்டு சொல்லியிருக்காங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முதல் வருஷம் சொன்ன காசு ஒண்டு, ரெண்டாம் வருஷம் கேட்ட காசு வேறயாம். "எங்களுக்கு வயல் காசுதான் ஐயா, வெள்ளாமை வெட்டினாத்தான் கையில புழங்கும். முழுத் தொகையும் முதல்லயே தெரிஞ்சா எப்பிடியாவது சமாளிப்பம். அதைத் தெரிஞ்சுகொள்ள வழி இருக்கா, வருஷா வருஷம் கூட்டுறது நியாயமா?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, வழி இருக்கு. ஆனா முதல் வேலையா அந்த 75,000ஐ இந்தக் கிழமை கட்டாதீங்க. வெளிவாரிப் பதிவு எப்ப திறக்கும் எப்ப மூடும் எண்டு சொல்லுறது பல்கலைக்கழகம், பேப்பர்லயும் தங்கட வெப்சைட்லயும் போடுவாங்க. "இந்தக் கிழமைக்குள்ள" எண்டு ஒரு சென்டர் சொன்னா அது அந்தச் சென்டர்ட கெடு, பல்கலைக்கழகத்திட கெடு இல்ல. இந்த ஒரு விஷயம் விளங்காமத்தான் எத்தினையோ தாய் தகப்பன் காப்பு சங்கிலியை அடகு வச்சுட்டு வந்து நிக்கிறாங்க.

வெளிவாரிப் பட்டம் எண்டா என்னெண்டு சுருக்கமாச் சொல்லுறன். உள்வாரி எண்டா நம்மட கோணேசபுரி கம்பஸுக்கோ வந்தாறுமூலைக்கோ பேராதனைக்கோ பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தெரிவு செஞ்சு அனுப்புற பிள்ளைகள், அவங்களுக்குப் படிப்புக் கட்டணம் இல்ல, பதிவுக்கும் ஹொஸ்டலுக்கும் சின்னத் தொகைதான். வெளிவாரிக்குப் பல்கலைக்கழகம் செய்யுறது முக்கியமா ரெண்டு வேலை, பதியுறது, பரீட்சை வைக்கிறது. வகுப்பு வைக்கிறது பெரும்பாலும் தனியார் சென்டர்கள், சில பல்கலைக்கழகம் தானே கொஞ்சம் வகுப்பு வைக்கும். ஆகவே உங்களுக்குச் சொன்ன மூண்டரை லட்சத்துக்குள்ள ரெண்டு காசு கலந்து கிடக்கு. ஒண்டு பல்கலைக்கழகத்துக்குப் போறது, மற்றது சென்டர்ட டியூசன் காசு. ரெண்டையும் ஒண்டா உருட்டிச் சொன்னாத்தான் அவங்களுக்கு வசதி, ஏனெண்டா எது எவ்வளவு எண்டு உங்களுக்குத் தெரியாது, அடுத்த வருஷம் டியூசன் காசைக் கூட்டிட்டு "கம்பஸ்தான் கூட்டிட்டுது" எண்டு சொல்லலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடந்தது இதாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன். அந்தப் பிள்ளையிட ரிசீட்டை எடுத்துப் பாருங்க. பல்கலைக்கழகக் காசு எண்டா பல்கலைக்கழகத்திட பேங்க் கணக்குக்கு, பிள்ளையிட பேர்ல, பதிவு இலக்கத்தோட கட்டின சிலிப் இருக்கும். சென்டர்ட சொந்த ரிசீட் புத்தகத்தில எழுதின துண்டு மட்டும் இருந்தா அந்தக் காசு எங்க போச்செண்டு ஒருத்தரும் சொல்லேலாது.

பல்கலைக்கழகக் காசை சென்டர்ட கையில குடுக்கவே குடுக்காதீங்க. "நாங்க மொத்தமாக் கட்டிவிடுறம், உங்களுக்கு அலைச்சல் இல்ல" எண்டு சொல்லுவாங்க. அலைச்சல் இருந்தாலும் பரவாயில்ல, நீங்களே பேங்க்ல கட்டுங்க. சென்டர் கட்ட மறந்தாலோ கடைசித் திகதிக்குப் பிறகு கட்டினாலோ பரீட்சை அனுமதி அட்டை வராதது உங்கட பிள்ளைக்கு. காசை வாங்கினது சென்டர், பல்கலைக்கழகம் இல்ல, நீங்க போய் அழுதாலும் கவுண்டர்ல இருக்கிறவரால ஒண்டும் செய்யேலாது. நான் பல வருஷம் ஒரு பல்கலைக்கழகத்திட நிதிப் பிரிவில இருந்தவன், அந்தக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து இதைப் பாத்திருக்கன்.

இன்னொண்டு. சென்டர் சுவர்ல கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பதிவுச் சான்றிதழ் தொங்கும். அதை வாசிங்க. கம்பனிப் பதிவு எண்டா அது கடை திறக்கிறதுக்கும் எடுக்கிறதுதான். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிஞ்சது எண்டா அது தொழிற்பயிற்சிக்கு, பட்டத்துக்கு இல்ல. தனியார் நிறுவனம் தன்ட சொந்தப் பட்டத்தைக் குடுக்குது எண்டா 1978 ஆம் ஆண்டு 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தில 25ஏ பிரிவில அமைச்சர் வர்த்தமானியில போட்டிருக்க வேணும், அதுவும் ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனியா. "எங்கட நிறுவனம் அங்கீகாரம் பெற்றது" எண்டா காணாது, உங்கட பிள்ளை படிக்கப்போற அந்தப் பட்டத்திட பேர் அதில இருக்கா எண்டு பாருங்க.

சரி, முழுத் தொகைக்கு வருவம். பட்டச் சான்றிதழ் கைக்கு வரும் வரைக்கும் என்னென்னத்துக்குக் காசு கேப்பாங்க எண்டு ஒரு கொப்பியில எழுதுங்க. விண்ணப்பக் காசு, தெரிவுப் பரீட்சை இருந்தா அதுக்கு, பதிவுக் காசு, ஒவ்வொரு வருஷமும் பதிவைப் புதுப்பிக்கிற காசு, ஒவ்வொரு பரீட்சைக்கும் காசு, பெயிலானா திருப்பி எழுதுறதுக்குப் பாடத்துக்கு இவ்வளவு, பிந்தினா தண்டம், பெறுபேற்று அறிக்கை, கடைசியில பட்டமளிப்புக் காசு. பிறகு பதிவுக்கு ஒரு ஆயுள் இருக்கு, இத்தினை வருஷத்துக்குள்ள முடிக்க வேணும் எண்டு, அது தாண்டினா புதுசாப் பதிய வேண்டி வரலாம். சென்டர் உங்களுக்குச் சொன்னது இதில ரெண்டோ மூண்டோ தலைப்பு மட்டும்தான் எண்டு அடிச்சுச் சொல்லுவன். அந்தக் கொப்பியைப் பாத்து ஒரு கடிதம் எழுதி, பல்கலைக்கழகத்தில வெளிவாரிக்குப் பொறுப்பான பிரிவுக்குப் பதிவுத்தபால்ல அனுப்புங்க, "இந்த வருஷம் பதியுற பிள்ளைக்கு ஒவ்வொண்டுக்கும் எவ்வளவு, இடையில கூடுமா, கூடினா ஏற்கெனவே பதிஞ்சவங்களுக்கும் கூடுமா" எண்டு. கடைசிக் கேள்விதான் உயிர்.

பதில் வராட்டி 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. அரச பல்கலைக்கழகம் ஒவ்வொண்டிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேணும், நீங்க தமிழ்ல எழுதிக் கேக்கலாம், ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல. 14 வேலை நாளுக்குள்ள தரலாமா இல்லையா எண்டு முடிவு சொல்ல வேணும். ஒரு பீஸ் விபரத்துக்கு ஒரு தாய் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நிக்க வேண்டியிருக்கே எண்டு நினைக்க எனக்கு உண்மையில கோபம் வருது. ஒரு பக்கத்தில மூண்டு மொழியிலும் போடக்கூடிய விஷயம் இது. பதிவுக் காசு கைநூல்ல, பரீட்சைக் காசு தனி அறிவித்தல்ல, தண்டம் இன்னொரு சுற்றறிக்கையில, அதுவும் எத்தினையோ இடத்தில இங்கிலீஷ்ல மட்டும், தமிழ்ல வரும்போது கடைசித் திகதி முடிஞ்சிரும்.

கூட்டுறது நியாயமா எண்டு கேட்டீங்க. கூட்டவே கூடாது எண்டு நான் சொல்ல மாட்டன். 2022 செப்டெம்பர்ல விலைவாசி ஒரு வருஷத்துக்குள்ள 70 சதவீதம் கிட்ட ஏறி நிண்டது, வினாத்தாள் அடிக்கிற தாளும் விடை திருத்துறவங்கட கொடுப்பனவும் மட்டும் அப்பிடியே நிக்குமா. பல்கலைக்கழகப் பேரவை கட்டணத்தைத் திருத்தலாம், "கட்டணங்கள் காலத்துக்குக் காலம் திருத்தப்படலாம்" எண்டு கைநூல்ல ஒரு வரி பொதுவா இருக்கும். பிழை எங்க எண்டா, பாதி வழியில நிக்கிற பிள்ளைக்கும் அதே கூட்டலைப் போடுறதுல. அந்தப் பிள்ளைக்கு இனி வேற இடத்துக்குப் போகவும் ஏலாது, கட்டின காசைத் திருப்பி வாங்கவும் ஏலாது. உதாரணத்துக்கு வருஷம் 60,000 எண்டு நினைச்சுத் துவங்குறீங்க, மூண்டு வருஷத்துக்கு 1,80,000. வருஷம் 15 சதவீதம் கூட்டினா ரெண்டாம் வருஷம் 69,000, மூண்டாம் வருஷம் 79,350, மொத்தம் 2,08,350. அந்த 28,350 ரூபா வித்தியாசம் ஒரு அலுவலகத்துக்குச் சின்ன விஷயம், வயல் செய்யுற குடும்பத்துக்கு அடுத்த போகத்து உரக் காசு.

நான் வேலை செஞ்ச இடத்தில ஒருக்கா பரீட்சைக் காசைக் கூட்டின கடிதம் மாசி மாசம் கையெழுத்தாச்சு. பிள்ளைகளுக்குத் தெரிஞ்சது சித்திரையில, கடைசித் திகதிக்கு நாலு நாள் இருக்கேக்க. ஒரு தகப்பன், கடல் தொழில் செய்யுறவர், பழைய தொகையைச் சரியா எண்ணிக் கொண்டுவந்து கவுண்டர்ல வச்சார். காணாது எண்டு நான்தான் சொன்னன். ஒண்டும் பேசாம நோட்டுகளைத் திருப்பி எடுத்து மடிச்சு வச்சுக்கொண்டு போனார். பிறகு வந்து தண்டத்தோட கட்டினார். அதுக்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலயும் நான் கேட்டது ஒண்டுதான். சேரும்போது சொன்ன காசு, அந்தத் தொகுதிப் பிள்ளைகள் முடிக்கும் வரைக்கும் அதேதான் எண்டு வையுங்க, கூட்டுறதெண்டா அடுத்து வாறவங்களுக்குக் கூட்டுங்க. "பாப்பம்" எண்டாங்க, பாத்துக்கொண்டேதான் இருந்தாங்க. ஹொங்கொங்கில அரச நிதியில நடக்கிற பல்கலைக்கழகங்கள்ல உள்ளூர்ப் பிள்ளைக்குக் கட்டணம் 1997ல இருந்து வருஷம் 42,100 ஹொங்கொங் டொலரா அசையாம இருந்தது. கூட்ட வேண்டி வந்தப்ப 2025ல 44,500, அடுத்த வருஷம் 47,000, அதுக்கடுத்த வருஷம் 49,500 எண்டு மூண்டு வருஷத்துக் கணக்கையும் முன்கூட்டியே சொல்லிட்டாங்க. கூடினதுதான், ஆனா தாய் தகப்பனுக்கு முதல்லயே தெரியும்.

நம்ம மாவட்டத்துக்கு இது இன்னும் பெரிய அநியாயம். உள்வாரி அனுமதியில கலைப் பிரிவைத் தவிர்த்துப் பாத்தா 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில, 5 சதவீதம் பின்தங்கின 16 மாவட்டத்துக்கு, அதில திருகோணமலையும் ஒண்டு. இங்க வசதி குறைவு எண்டு அரசாங்கமே ஒத்துக்கொண்டு இடம் குடுக்குது. அந்தப் பிள்ளை கொஞ்சப் புள்ளியில தவறி வெளிவாரிக்கு வந்தா அந்த ஒப்புதல் எங்க போகுது எண்டு தெரியேல்ல, கொழும்புப் பிள்ளை கட்டுற அதே காசு, மேல பஸ் காசும் ரூம் வாடகையும். மஹாபொல புலமைப்பரிசில் காசை 2025 பட்ஜெட்டில மாசம் 5,000ல இருந்து 7,500 ஆக்கினாங்க, நல்லது, ஆனா அது உள்வாரிக்குத்தான், உங்கட மகனுக்கு அதை நம்பிக் கணக்குப் போடாதீங்க. "மஹாபொலவும் எடுத்துத் தாறம்" எண்டு சென்டர்ல சொன்னா எழும்பி வந்திருங்க.

ஒரு விஷயத்தை விளக்கமாச் சொல்ல வேணும், ஏனெண்டா இதில கவனமில்லாம காசை விட்டவங்க நிறையப் பேர். பரீட்சை நேரத்தில பிள்ளைக்கு வருத்தம் வந்தா என்ன செய்யுறது. சும்மா போகாம விட்டா அது ஒரு தரம் எழுதினதாக் கணக்காகும், அடுத்த முறை திருப்பி எழுதுற காசு, சில இடத்தில புள்ளிக்கும் ஒரு உச்ச வரம்பு போட்டிருவாங்க. ஆனா ஒழுங்கான மெடிக்கல் (வைத்தியச் சான்றிதழ்) ஏற்றுக்கொள்ளப்பட்டா அடுத்த முறையும் முதல் தரம் எழுதினதாவே எடுப்பாங்க. இதில "ஒழுங்கான" எண்டதுதான் கஷ்டம். பிரைவேட் கிளினிக்ல வாங்கின துண்டைப் பொதுவா எடுக்க மாட்டாங்க, அரச ஆஸ்பத்திரி வைத்தியர்ட மெடிக்கல் வேணும், அதில வருத்தத்திட பேரும் எந்தத் திகதியில இருந்து எந்தத் திகதி வரைக்கும் எண்டும் இருக்க வேணும், பரீட்சை நாள் அந்தத் திகதிக்குள்ள விழ வேணும். டெங்குவில வார்ட்ல கிடந்திருந்தா டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது குடுக்கிற துண்டையும் பத்திரமா வைங்க. எத்தினை நாளுக்குள்ள அனுப்ப வேணும் எண்டு பரீட்சை விதியில இருக்கும், அது ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் வேற, பதியுற அண்டைக்கே அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைங்க. பிள்ளை எழும்பி நடக்கட்டும் எண்டு காத்திருக்காதீங்க, நீங்களே போட்டோ கொப்பி எடுத்திட்டு மூலப் பிரதியைப் பதிவுத்தபால்ல அனுப்புங்க, தபால் ரிசீட்டைக் கொப்பியோட சேத்துக் குத்தி வைங்க, ஒரு கிழமையில போன் எடுத்துக் கிடைச்சுதா எண்டு கேட்டு, கேட்ட திகதியையும் எழுதி வைங்க. நான் இருந்த பிரிவில நேரத்துக்கு வந்தும் பைலுக்குள்ள போகாத மெடிக்கல் இருந்தது, தபால் ரிசீட் வச்சிருந்த பிள்ளை தப்பிச்சுது.

வெளிவாரி ஒண்டுதான் வழி எண்டும் இல்ல. திருகோணமலையிலயே உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் இருக்கு, கணக்கியல்ல உயர் தேசிய டிப்ளோமா, முழுநேரமாப் படிச்சாப் படிப்புக் காசு இல்ல, கொமர்ஸ் செஞ்ச பிள்ளைக்குப் பொருத்தம். திறந்த பல்கலைக்கழகமும் அரச பல்கலைக்கழகம்தான், மட்டக்களப்பில பிராந்திய நிலையம் இருக்கு, எடுக்கிற பாடத்துக்குத்தான் காசு, தவணையில கட்டலாம், ஆகவே கை இறுகின வருஷம் ரெண்டு பாடம் குறைச்சு எடுக்கலாம்.

இப்ப செய்ய வேண்டியது. நாளைக்கு மகனைச் சென்டருக்கு அனுப்பி ரெண்டு தொகையையும் பிரிச்சு, லெட்டர்ஹெட்ல, கையெழுத்தோட எழுதித் தரச் சொல்லுங்க. இடையில விட்டா எவ்வளவு திருப்பித் தருவாங்க எண்டதும் அதில இருக்கட்டும். எழுதித் தர மாட்டம் எண்டா அந்தச் சென்டர் வேணாம், வேற இடம் பாருங்க. பல்கலைக்கழகத்துக்குக் கடிதத்தை இந்தக் கிழமையே போடுங்க. பதில் வந்ததும் எந்தத் தொகை எந்த மாசத்தில விழுது எண்டு பாருங்க, பெரும்போக வெள்ளாமை வெட்டுற காலத்துக்கு முன்னால பெரிய தொகை ஒண்டு விழுந்தா தவணை கேட்டு இப்பவே ஒரு விண்ணப்பம் குடுங்க, கடைசித் திகதி அண்டைக்குப் போய்க் கேட்டா ஒருத்தரும் தரமாட்டாங்க. ரெண்டு கடிதமும் வந்தாப் பிறகு எனக்குப் போட்டோ எடுத்து அனுப்புங்க, கட்ட முதல் ஒருக்காப் பாத்துச் சொல்லுறன்.