ஐந்து நட்சத்திரத்துக்காக கிரெடிட் கார்டை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 24. திருச்சியில் வேலை, மாதச் சம்பளம் 26,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளாக ஜென்ஷின் இம்பாக்ட் என்ற வீடியோ கேமை விளையாடுகிறேன். நான் ஆசைப்படும் ஐந்து நட்சத்திர (மிக அரிய) கதாபாத்திரத்தின் பேனர், அதாவது அது கிடைக்கக்கூடிய குலுக்கல், ஆறு நாட்களில் முடிகிறது. கையில் விளையாட்டு நாணயமான ப்ரிமோஜெம் 9,600 உண்டு. கடைசியாக ஐந்து நட்சத்திரம் கிடைத்த பிறகு 25 விஷ் (குலுக்கல் முயற்சி) போட்டிருக்கிறேன். கிரெடிட் கார்டில் பெரிய பேக் ஒன்று வாங்கட்டுமா? 13 வயதுத் தம்பியும் இதே போனில்தான் விளையாடுகிறான்.

பதில்: பேக் வேண்டாம். கையில் இருப்பதைத் தயங்காமல் செலவிடுங்கள்.

ஒரு விஷுக்கு 160 ப்ரிமோஜெம்; ஆக, உங்களிடம் 60 விஷ் இருக்கிறது. பழைய 25-ஐக் கூட்டினால் 85. தொண்ணூறாவது விஷில் ஐந்து நட்சத்திரம் கட்டாயம் என்றாலும், எழுபத்தைந்தை ஒட்டியே வாய்ப்பு மளமளவென்று ஏறிவிடும். எனவே இந்த அறுபதுக்குள் ஒன்று விழுவது கிட்டத்தட்ட உறுதி. அது நீங்கள் கேட்ட கதாபாத்திரமாக இருக்கத்தான் ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு. தவறினால், அடுத்த ஐந்து நட்சத்திரம் அப்போதைய பேனரின் கதாபாத்திரம்தான் என்பது நிச்சயம்.

இப்போது பேக்கைச் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்க விலையில் 99.99 டாலருக்கு, போனஸும் சேர்த்து 8,080 கிரிஸ்டல்; ஒரு கிரிஸ்டல் ஒரு ப்ரிமோஜெமாக மாறும். அதாவது 50 விஷ். கையிருப்போடு 110. அதிர்ஷ்டம் முழுக்கக் கைவிட்டு, இரண்டு முறை தொண்ணூறு வரை போக வேண்டி வந்தால், பழைய 25 போக உங்களுக்குத் தேவைப்படுவது 155. இவ்வளவு பணம் போட்ட பிறகும் 45 குறைகிறது! அந்த இடத்தில்தான் "இவ்வளவு தூரம் வந்தாயிற்று" என்று இரண்டாவது பேக்குக்குக் கை போகும். விலை இறங்க இறங்க ஒரே பங்கை வாங்கிக்கொண்டே போனவர்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார்கள். கார்டு பாக்கியை முழுதாகக் கட்டாவிட்டால் மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி வேறு.

ஆறு நாள் கெடுவைக் கண்டு பதற வேண்டாம். பேனர் முடிந்தாலும் உங்கள் விஷ் எண்ணிக்கையும், ஒருமுறை தவறினால் கிடைக்கும் அந்த உறுதியும் அழிவதில்லை. அடுத்த கதாபாத்திர பேனருக்கு அப்படியே தொடரும். ஆயுத பேனரின் கணக்கு தனி, அதில் கை வைக்காதீர்கள். பெரும்பாலான கதாபாத்திரங்கள் சில மாதங்கள் கழித்தாவது திரும்பி வருகின்றன.

பணம் போட்டே ஆக வேண்டும் என்றால் வெல்கின் மூன் என்ற 30 நாள் பாஸ் மட்டும் போதும். அதன் விலை 4.99 டாலர். அதே விலைக்கு நேரடியாக கிரிஸ்டல் வாங்கினால் 330 கிடைக்கும், இரண்டே விஷ். வெல்கினிலோ உடனே 300, பிறகு 30 நாளும் தினம் 90. மொத்தம் 3,000, அதாவது 18 விஷ். தினமும் உள்ளே போய் வாங்கிக்கொள்ள வேண்டும், தவறிய நாளின் 90 போனதுதான். அன்றாடப் பணிகளுக்குக் கிடைக்கும் 60-ஐயும் சேர்த்தால் மாதம் 4,800, முப்பது விஷ். இப்போது பாதி வாய்ப்பு தவறினால்கூட, மூன்றே மாதத்தில் தொண்ணூறு விஷ் கையில் இருக்கும். அந்தக் கதாபாத்திரம் திரும்பும் வரை இடையில் வரும் எதற்கும் அதை உடைக்காதீர்கள். இதைத் தாங்க உங்கள் சம்பளம் போதும். கார்டு தேவையே இல்லை.

தம்பி விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. ரூபாய் கிரிஸ்டலாகி, கிரிஸ்டல் ப்ரிமோஜெமாகி, அது விஷ் ஆகும்போது உண்மை விலை பெரியவர்களுக்கே மறந்துபோகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்த விளையாட்டின் நிறுவனத்தின் மீது இதைத்தான் குற்றமாகச் சாட்டியது. நிறுவனம் இரண்டு கோடி டாலர் கட்டவும், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றி இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகளை விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. அந்த ஏற்பாடு அமெரிக்காவுக்கு. உங்கள் வீட்டில் அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். இன்றிரவே ப்ளே ஸ்டோரிலிருந்து கார்டை நீக்கிவிட்டு, வாங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள். அந்தக் கடவுச்சொல் தம்பிக்குத் தெரிய வேண்டாம்.