சோர்வும் மன உறுதியும் – ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு இருபத்தாறு வயது. கரூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்தான் சொந்த ஊர். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன், பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வாரம் கடுமையான காய்ச்சல் வந்து போனது. அன்றிலிருந்து உடம்பில் தெம்பே இல்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காதது போலவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அறையைக் கூட்டித் துடைத்துத் துணி துவைத்தால் செவ்வாய்க்கிழமை படுக்கையை விட்டு எழ முடிவதில்லை. இரண்டு மருத்துவர்களைப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல், மன அழுத்தம்தான், யோகா செய்யுங்கள் என்றார்கள். வீட்டில் சோம்பேறித்தனம் என்கிறார்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று வரன் பார்க்கிறார்கள். முன்பு மாதம் நான்கு நாவல்கள் வாசிப்பேன். இப்போது ஒரு பக்கத்தை மூன்று முறை படிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் இத்தனை ஆண்டுகளாக நாள் தவறாமல் எழுதுகிறீர்கள். அந்த மன உறுதியை எப்படி வளர்த்துக்கொண்டீர்கள்? வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்றும் தோன்றுகிறது. உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கவும்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள மகளுக்கு,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். உடம்பு முடியவில்லை என்று சொல்வதற்கு எதற்காக மன்னிப்புக் கேட்கிறீர்கள்? கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தால் கேட்டிருப்பீர்களா? இரண்டு ஆண்டுகளாக உங்களைச் சுற்றியிருப்பவர்கள் நம்ப மறுத்ததில், உங்களை நம்பாமல் இருக்க நீங்களே கற்றுக்கொண்டுவிட்டீர்கள். கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான்.

மன உறுதியைப் பற்றிய உங்கள் கேள்வி எனக்குக் கோபமூட்டியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நான் நாள்தோறும் எழுதுகிறேன் என்றால், காலையில் கண் விழிக்கும்போது என் உடலும் கூடவே எழுந்துவிடுகிறது என்பதுதான் அதற்கு முதற்காரணம். உடல்நலம் உள்ளவர்கள் தங்கள் நலத்தையே ஒழுக்கம் என்றும் உழைப்பு என்றும் பெயரிட்டுப் பெருமை கொள்கிறார்கள், பிறகு அந்த அளவுகோலை நலமில்லாதவர்மேல் வைத்து அளக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாக இந்த உடலோடு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் உங்களுக்கு மன உறுதியைப் பற்றிக் கற்பிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வாக்கியத்தை நீங்கள் போகிறபோக்கில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால் செவ்வாய்க்கிழமை எழ முடியவில்லை என்ற வாக்கியம் அது. சாதாரணக் களைப்பு வேலை முடிந்த உடனே வரும், ஓர் இரவு உறங்கினால் போகும். செய்த வேலைக்குச் சற்றும் பொருந்தாத அளவில், பல மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து வந்து ஆளைச் சாய்க்கும் தளர்ச்சி வேறு வகையைச் சேர்ந்தது. மயால்ஜிக் என்செஃபலோமைலைட்டிஸ் என்றும் நாட்பட்ட சோர்வு நோய்க்குறி என்றும் அழைக்கப்படும் நோயின் மைய அடையாளமாக மருத்துவர்கள் இதைத்தான் கருதுகிறார்கள். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015இல் வெளியிட்ட அறிக்கை, ஆறு மாதத்துக்கு மேல் அன்றாடச் செயல்களைக் குலைக்கும் களைப்பு, உழைப்புக்குப் பின் வரும் இந்தச் சரிவு, உறங்கியும் தெளியாத உறக்கம் ஆகிய மூன்றையும், அவற்றோடு சிந்தனைத் தடுமாற்றம் அல்லது நிற்கும்போது கூடும் தொல்லை ஆகிய இரண்டில் ஒன்றையும் இந்நோய்க்கான அளவையாக வகுத்தது. பலருக்கு இது ஒரு தொற்றுக் காய்ச்சலுக்குப் பிறகே தொடங்குகிறது. உங்களுக்கு இந்நோய்தான் என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல நான் மருத்துவர் அல்ல. ஆனால் இந்த வாக்கியத்தை அந்த இரண்டு மருத்துவர்களிடமும் சொன்னீர்களா? ‘டயர்டாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பீர்கள் என்றே ஊகிக்கிறேன்.

இந்த வாக்கியத்தில் நான் ஏன் இப்படி நின்றுவிட்டேன் என்றால், சில மாதங்களாகவே என் சித்தியைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்பாசமுத்திரத்துக்கு அருகே எங்கள் ஆச்சி வீட்டில், உங்கள் வயதைவிடச் சற்றுக் குறைந்த வயதில் சித்திக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபின் அவள் பழைய சித்தியாக எழவில்லை. ஒருநாள் காலையில் ஆட்டுரலில் மாவாட்டுவாள், ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவாள், சிரித்துப் பேசுவாள். மறுநாள் தலையைத் தலையணையிலிருந்து தூக்க மாட்டாள், சன்னல் வெளிச்சம்கூட அவளுக்கு ஆகாது. ஊர் பார்த்ததெல்லாம் ஆற்றுக்குப் போன சித்தியைத்தான். ‘நேத்து நல்லாத்தானே நடந்து வந்தா’ என்ற ஒற்றை வரியே அவளுக்கு எதிரான சாட்சியமாக ஆயுள் முழுவதும் இருந்தது. மந்திரித்தார்கள், வேண்டிக்கொண்டார்கள், பிறகு உங்கள் வீட்டார் சொல்லும் அதே மருந்தைக் கொடுத்தார்கள். கல்யாணம் ஆன ஓராண்டுக்குள், வேலைக்கு அஞ்சி நடிக்கிறாள் என்று சொல்லி மாமியார் வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்த சித்தி யாரிடமும் எதையும் நிரூபிக்க முயலவில்லை. அடுக்களையில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டாள். காயை இரவே உட்கார்ந்து நறுக்கி வைப்பாள். துணி துவைக்கும் நாளில் சமைக்க மாட்டாள், சமைக்கும் நாளில் கோயிலுக்குப் போக மாட்டாள். உடம்பு நன்றாக இருக்கும் நாளில்கூடப் பாதி வேலையோடு நிறுத்திக்கொண்டு போய்ப் படுத்துவிடுவாள். உறவினர்களுக்கு மிகுந்த எரிச்சலை ஊட்டியது இதுதான், நன்றாக இருக்கும்போதே படுக்கிறாளே என்பார்கள். இப்படி அளந்து வாழ்ந்துதான் அவள் எங்கள் அத்தனை பேருக்கும் சோறு போட்டாள், எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

எங்கள் வீடு மட்டும் அறியாமையில் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1955 ஜூலையில் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மருத்துவர்களும் செவிலியர்களும் பிற ஊழியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் அடுத்தடுத்து இதே போன்ற நோயில் விழுந்தார்கள், மருத்துவமனையையே அக்டோபர் வரை மூட வேண்டியிருந்தது. அவர்களில் சிலர் நெடுங்காலம் மீளவில்லை. 1970இல் மக்கெவடி, பியர்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்பேடுகளை மட்டும் படித்து, நோயுற்றவர்களை நேரில் பரிசோதிக்காமலேயே, அது உடல்நோயல்ல, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் மனப்பதற்றமான கூட்டு ஹிஸ்டீரியா என்று ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். நோயுற்றவர்களில் பெண்கள் மிகுதி என்பதும் அவர்கள் வைத்த வாதங்களில் ஒன்று. ஏறத்தாழ அதே காலத்தில்தான் இங்கே என் சித்தியை நடிக்கிறாள் என்றார்கள். படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒரே தீர்ப்பை எவ்வளவு எளிதாக எழுதிவிட முடிகிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அந்தத் தீர்ப்பு வெறும் அவமதிப்போடு முடிந்துவிடவில்லை, சிகிச்சையாகவும் மாறியது. நோயாளி அஞ்சி அஞ்சிப் படுத்திருக்கிறார், ஆகவே நாளுக்கு நாள் உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று பிரிட்டனில் இந்நோய்க்கான 2007ஆம் ஆண்டின் அதிகாரபூர்வ வழிகாட்டுதலே பரிந்துரைத்தது. அப்படிச் செய்து மேலும் மோசமானோம் என்று நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2021 அக்டோபரில் வந்த புதிய வழிகாட்டுதல், அத்தகைய படிப்படியான பயிற்சியைச் சிகிச்சையாகத் தரக் கூடாது என்று சொல்லி, ஒவ்வொருவரும் தம் ஆற்றலின் எல்லைக்குள் நின்று செயல்களைப் பிரித்துப் பிரித்துச் செய்ய வேண்டும் என்றது. சித்தியின் முக்காலியை லண்டன் வந்தடைய இத்தனை ஆண்டுகள் ஆயின. ஆகவே காரணம் தெரியும் வரை, ‘கொஞ்சம் முயன்றால் முடியும்’ என்று எவர் சொன்னாலும் உங்களை உந்தித் தள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வேலையை நான்கு நாட்களுக்குப் பிரியுங்கள், உட்கார்ந்து செய்யுங்கள், முடியாமல் போவதற்கு முன்பே நிறுத்துங்கள்.

இனி உங்களைத் திட்ட வேண்டியதைத் திட்டுகிறேன். ‘எல்லாம் நார்மல்’ என்கிறீர்கள். எவையெல்லாம்? கணிப்பொறியில் எண்களோடு நாள் முழுக்கப் புழங்கும் ஒரு பெண், தன் ரத்தத்தின் எண் ஒன்றைக்கூடக் கடிதத்தில் எழுதவில்லை. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் பெண்களுக்கு ரத்தசோகை என்கிறார்கள். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறார்கள். கோட்டுக்கு மேலே இருந்தாலும் கதை முடிந்துவிடாது. உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கும்போதே குதிர் காலியாகியிருக்கலாம். உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின், ஹீமோகுளோபின் இறங்குவதற்கு நெடுநாள் முன்பே வற்றத் தொடங்குகிறது. பிரான்சில் ரத்தசோகை இல்லாத, ஆனால் ஃபெரிட்டின் 50க்குக் குறைவாக இருந்த, காரணம் புரியாத களைப்பால் தவித்த 198 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. பன்னிரண்டு வாரம் இரும்புச்சத்து மாத்திரை உண்டவர்களின் களைப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. உங்களுக்கு ஃபெரிட்டின் பார்த்தார்களா? மாதவிடாயில் எத்தனை நாள், எவ்வளவு ரத்தம் போகிறது என்று அந்த இருவரில் ஒருவராவது கேட்டாரா? கேட்கவில்லை என்றால் நீங்களாவது சொன்னீர்களா? வெட்கப்பட்டு மறைக்க இதில் ஒன்றும் இல்லை. அதற்காக மருந்துக்கடையில் நீங்களே இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் உயர்ந்து காட்டி ஏமாற்றவும் கூடும், மருத்துவர்தான் சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு காபி, டீ குடிக்கும் வழக்கம் இருந்தால் அதை மட்டும் இன்றே நிறுத்தலாம், உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாமல் அவை தடுக்கின்றன.

தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சைவ உணவுக்காரர் என்றால் பி12 கட்டாயம். மாலையில் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. செலவே இல்லாத ஒரு சோதனையும் உண்டு. படுத்திருக்கும்போது நாடித்துடிப்பை எண்ணிவிட்டு, எழுந்து அசையாமல் பத்து நிமிடம் நிற்கவைத்து எண்ணிப் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடி அப்படியே நின்றால் அதற்குத் தனியே மருத்துவம் இருக்கிறது. தலைசுற்றல் வரலாம் என்பதால் மருத்துவர் முன்னிலையில் செய்யச் சொல்லுங்கள்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று மனநல மருத்துவர் ஒருவர் பார்ப்பதில் தவறில்லை, அதுவும் களைப்பைக் கொண்டுவரும் நோய்தான். ஆனால் மனச்சோர்வில் பெரும்பாலும் விருப்பமே வற்றிவிடுகிறது. உங்களுக்கு நாவல் படிக்க விருப்பம் இருக்கிறது, பக்கம்தான் நகரவில்லை. இந்த வேறுபாட்டையும் மறக்காமல் சொல்லுங்கள். யோகாவைப் பற்றியும் வரன் பற்றியும் பேசி உங்கள் நேரத்தைக் கழிக்க எனக்கு மனமில்லை. காரணம் தெரியும் வரை வரன் பார்க்கும் படலத்தை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

வேலையை இப்போது விட வேண்டாம். சம்பளமும் மருத்துவக் காப்பீடும் இல்லாமல், சோம்பேறி என்று சொல்லும் வீட்டில் போய் விழுந்தால் பரிசோதனைக்குக்கூட இன்னொருவரிடம் கையேந்த வேண்டிவரும். மருத்துவச் சான்று பெற்று, வாரத்தில் சில நாட்களாவது விடுதியிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேளுங்கள். இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் அன்று என்ன செய்தீர்கள், எத்தனை மணி நேரம் கழித்து உடம்பு சாய்ந்தது, எப்போது தெளிந்தது என்று ஒற்றை வரியாக எழுதிவாருங்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு பொதுநல மருத்துவரிடம் போங்கள். உங்கள் பேச்சைக் கேட்பதற்கு ஒரு தோழியையும் சாட்சியாக அழைத்துப் போங்கள். மருத்துவர் குறிப்பேட்டைப் புரட்டாமல் மூடிவைத்தால் எழுந்து அடுத்தவரிடம் போங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள், இம்முறை ஃபெரிட்டின் எவ்வளவு என்ற எண்ணோடு.

அன்புடன்