கேரவன் மூலையில் விரிசல்: சிலிக்கோன் பூச வேண்டாம்

வணக்கம் ஐயா. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள உங்கள் வீட்டு வாசல் தூணில் உரசி, கேரவனின் ஃபைபர்கிளாஸ் (கண்ணாடியிழை) மூலையில் ஒரு சாண் நீளம் விரிசல் விட்டதாகவும், சிலிக்கோன் பூசி மூடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது பட்ட இடத்தில் பிறகு ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஒட்டாது, பெயிண்டும் நிற்காது.

முதலில் உள்சுவரை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் பலகைக்குள் நீர் இறங்கியிருக்கிறது. டர்பனின் கோடை ஈரத்தில் அது எளிதில் காயாது. தார்ப்பாய் போட்டு மூடி, மழை குறைந்த ஜூன், ஜூலையில் வேலையைத் தொடங்குங்கள்.

விரிசலின் இரு முனைகளிலும் 3 மில்லிமீட்டர் துளையிட்டால் அது மேலும் ஓடாது. ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, கண்ணாடியிழைப் பாயை ரெசினில் நனைத்து அடுக்குங்கள். மேலே ஜெல்கோட் எனும் பளபளப்பான மேல்பூச்சு பூசுவதானால் பாலியெஸ்டர் ரெசினே வாங்குங்கள். இன்னொரு வகை ரெசினான எபாக்சியின் மேல் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது. தேய்க்கும்போது முகமூடி கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.