சீனாவை ஆள்வது கம்யூனிஸ்ட் கட்சி. அது வல்லரசாக எழும்போது இடதுசாரிகள் ஆதரிக்க வேண்டாமா?

வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். சீனாவைப் பிடிக்காதவன் சொல்கிறான் என்று நினைத்துவிட வேண்டாம், சீனாவைத் தலையில் வைத்துக் கொண்டாடிய வீட்டில் வளர்ந்தவன் நான்.

என் பெரியப்பா யாழ்ப்பாணத்தில் ‘பீக்கிங் பிரிவு’க்காரர். 1964இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி சோவியத் பக்கம் ‘மொஸ்கோ’, சீனா பக்கம் ‘பீக்கிங்’ (இன்றைய பெய்ஜிங்) என்று இரண்டாக உடைந்தபோது, பீக்கிங் பிரிவுத் தலைவர் நா. சண்முகதாசன் பக்கம் போனவர். அதற்கு முந்தின வருடம்தான் பீக்கிங் வானொலி தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. பின்னேரமானால் விறாந்தையில் றேடியோவைத் திருகத் தொடங்குவார். இரைச்சலுக்குள்ளிருந்து அட்சரம் பிசகாத தமிழில் ஒரு சீனக் குரல் வரும். “எங்கட வாத்தியாரை விட நல்லாக் கதைக்கிறான்” என்று பெரியம்மா சிரிப்பார்.

அந்தப் பிரிவு செய்த வேலையையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியாரை உள்ளே இருத்தி, மற்றவர்கள் குடிக்கும் கிளாசில் தேத்தண்ணி கொடுக்காத காலம். 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிஸ் அடித்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லி நின்றார்கள். இதிலெல்லாம் முன்னுக்கு நின்றவர்கள் பீக்கிங் பிரிவுக்காரர்கள். மாவோவைப் படித்து வந்த துணிச்சலும் அதில் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் 1971 வந்தது. ஏப்ரலில் ரோகண விஜேவீர தலைமையிலான ஜேவிபி என்ற இடதுசாரி அமைப்பின் இளைஞர்கள் ஆயுதம் எடுத்துக் கிளர்ந்தெழுந்தார்கள். இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றுதான் அதை அடக்கியது. சண்முகதாசனுக்கும் ஜேவிபிக்கும் ஒத்துவராது, விஜேவீர சண்முகதாசனின் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆள். ஆனாலும் சண்முகதாசனையும் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அந்த நேரத்தில்தான் சீனப் பிரதமர் சூ என்லாய் சிறிமாவோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘சேகுவேராவாதிகள்’ என்று சொல்லிக்கொண்ட ஒரு சிலர் உண்டாக்கிய குழப்பம் கட்டுக்குள் வந்தது மகிழ்ச்சி என்றது கடிதம். கூடவே 15 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன். சீனாவை நம்பி ஒரு கட்சியையே உடைத்துக்கொண்டு போன மனுஷன் கம்பிக்குப் பின்னால், சீனாவின் வாழ்த்து அவரை உள்ளே போட்டவருக்கு.

எனக்கு அப்போது பத்து வயது, ஒன்றும் விளங்கவில்லை. பல வருடம் கழித்து, “என்ன பெரியப்பா, சூ என்லாய் இப்படி எழுதிப்போட்டாரே?” என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“அவர் பிரதமர், தம்பி. பிரதமர் பிரதமருக்குத்தான் கடிதம் எழுதுவார். எங்களுக்கே எழுதுவார்?”

இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. ஆள்வது எந்தக் கட்சியாக இருந்தாலும் அரசு அரசாகத்தான் நடக்கும். 1973இல் சிலியில் சோசலிச ஜனாதிபதி அலெண்டேயைக் கவிழ்த்த இராணுவத் தளபதி பினோசேயுடன் சீனா உறவை முறிக்கவில்லை. 1979 பெப்ரவரியில் வியட்நாமுக்குள் படையை அனுப்பியது, அமெரிக்கனை விரட்டி நான்கு வருடம்கூட ஆகாத வியட்நாமுக்குள். 2009 மே மாதம், வன்னியில் போர் முடிந்த கையோடு, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசைப் பாராட்டிய தீர்மானத்துக்கு ஆதரவாக 29 நாடுகள் வாக்களித்தன. அதில் சீனா இருந்தது, கியூபாவும் இருந்தது. வன்னியில் சொந்தங்களைப் பறிகொடுத்த ஒருவரிடம் போய் ‘சோசலிச முகாம்’ என்று கதைத்துப் பாருங்கள்.

சரி, சீனா உள்நாட்டில் என்ன செய்தது? உலக வங்கிக் கணக்கில், நாற்பது வருடத்தில் 80 கோடிப் பேர் அளவில் கடும் வறுமையிலிருந்து மீண்டிருக்கிறார்கள். மனித வரலாற்றில் இப்படி நடந்ததில்லை. இதை ஒன்றுமில்லை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை வைத்து, சீனா கடன் கொடுத்து நாடுகளை மடக்குகிறது என்று சொல்லும் ‘கடன் பொறி’க் கதையையும் நான் முழுதாக நம்புவதில்லை. 2022இல் இலங்கையை விழுத்திய கடனில் பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற பத்திரங்கள்.

ஆனால் 2018ஐயும் பாருங்கள். ஷென்சென் நகரில் வெல்டிங் கருவி செய்யும் ஜாசிக் தொழிற்சாலையில் தொழிலாளர் சங்கம் அமைக்கப் போனார்கள். ஏதோ இரகசியச் சங்கம் இல்லை, அரசு அங்கீகரித்த சம்மேளனத்தின் கீழேயே. வேலை போனது, கைதும் வந்தது. அவர்களுக்குத் துணையாகப் பீக்கிங் பல்கலைக்கழகத்திலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் மார்க்சிய மாணவர்கள் வந்தார்கள். பாடத்தில் படித்த மார்க்ஸை அப்படியே எடுத்துக்கொண்ட பிள்ளைகள். ஓகஸ்டில் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குள் பொலிஸ் புகுந்து சுமார் ஐம்பது பேரைக் கொண்டுபோனது. வேலைநிறுத்த உரிமை அந்த நாட்டு அரசியலமைப்பில் ஒரு காலம் இருந்தது, 1982இல் எடுத்துவிட்டார்கள். ஒரு இடதுசாரி அந்தத் தொழிற்சாலை வாசலில் எந்தப் பக்கம் நிற்பது?

“அப்படியென்றால் அமெரிக்கா பக்கமா?” என்று அடுத்த கேள்வி வரும், எப்போதும் வருகிறது. 1971இல் சிறிமாவோ அரசுக்கு உதவியவர்கள் பட்டியலில் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன், இந்தியா, பாகிஸ்தான் எல்லாமே இருந்தன. ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்த ஒரு விஷயத்தில் ஒரே வரிசையில் நின்றார்கள். இதில் நான் எந்த வல்லரசைத் தேர்ந்தெடுப்பது?

சீனாவுக்கு எதிராகப் போர் மூட்டாதே என்ற மனுவிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஜாசிக் மாணவர்களை விடுதலை செய் என்ற மனுவிலும் போட்டிருக்கிறேன். முதலாவதுக்கு என்னைச் சீன ஏஜென்ட் என்றார்கள், இரண்டாவதுக்கு சிஐஏ என்றார்கள். இரண்டு இடத்திலிருந்தும் இன்னும் ஒரு சதம் வந்து சேரவில்லை.