மலேரியா தடுப்பூசி வந்துவிட்டதே, என் மகனுக்குப் போடலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் மேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 29 வயது. ஒடிசாவில் கோராபுட் பக்கம் போர்வெல் லாரியில் வேலை பார்க்கிறான். சித்திரையில் அங்கே குளிர்காய்ச்சல் வந்து, மலேரியா என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நாளில் காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை நிறுத்திவிட்டான். அந்த அட்டை இன்னும் பையில் கிடக்கிறது. ஆடியில் ஊருக்கு வந்தவனுக்கு ஆவணியில் மறுபடி காய்ச்சல், இப்போது கார்த்திகையில் மூன்றாவது முறை. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'பி.வி. பாசிட்டிவ்' என்று இருக்கிறது. மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது, அதுவும் புனேயில்தான் தயாராகிறது என்று டிவியில் சொன்னார்கள். பொங்கல் கழித்து மருமகளையும் இரண்டு வயதுப் பேரனையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறான். மூவருக்கும் அந்த ஊசியைப் போட்டு அனுப்பலாமா? மதுரையில் எங்கே கிடைக்கும்?

பதில்: அம்மா, நீங்கள் கேட்ட செய்தி உண்மைதான். ஆனால் இப்போது வந்திருக்கும் தடுப்பூசி உங்கள் மகனுக்கு வந்திருக்கும் வகை மலேரியாவுக்கானது அன்று; பெரியவர்களுக்கு அது பரிந்துரைக்கப்படவும் இல்லை. பேரனின் வயது அதற்குப் பொருந்தும் என்றாலும், நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. மதுரையில் எந்த மருத்துவமனையிலும் விலை கொடுத்து வாங்கவும் முடியாது. ஆகவே ஊசியைத் தேடி அலைய வேண்டாம். மகனுக்கு இப்போது வேண்டியது, பாதியில் விட்ட அந்த மாத்திரைதான். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

சீட்டில் இருக்கும் 'பி.வி.' என்பது பிளாஸ்மோடியம் விவாக்ஸ் என்ற ஒட்டுண்ணியின் சுருக்கம். நம் நாட்டில் மலேரியாவை உண்டாக்குபவற்றில் இது ஒன்று, ஃபால்சிபேரம் மற்றொன்று. மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ஃபால்சிபேரம். விவாக்ஸ் அந்த அளவு கொல்வதில்லை. ஆனால் ரத்தத்தில் இருப்பவை அழிந்த பிறகும் அதன் ஒரு பகுதி கல்லீரல் செல்களுக்குள் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து, வேறு கொசு எதுவும் கடிக்காமலே, மீண்டும் ரத்தத்தில் இறங்கிக் காய்ச்சலை உண்டாக்கும். ஆடிக்குப் பிறகு ஊரைவிட்டுப் போகாத உங்கள் மகனுக்கு இரண்டு முறை காய்ச்சல் திரும்பியதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

இனித் தடுப்பூசிக்கு வருகிறேன். 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 26 கோடிப் பேருக்கு மலேரியா வந்து, ஏறத்தாழ 6 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்த மரணங்களில் மிகப் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில் நேர்ந்தவை, அங்கே இறந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், காரணம் ஃபால்சிபேரம். அதனால்தான் ஆராய்ச்சியும் பணமும் முதலில் அந்த ஒட்டுண்ணியையும் அந்தக் குழந்தைகளையும் நோக்கிப் போயின. அது நியாயமான முன்னுரிமை என்றே நான் நினைக்கிறேன்.

முதலில் வந்த தடுப்பூசியின் பெயர் ஆர்.டி.எஸ்.,எஸ். அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆராய்ச்சி நிலையமும் இன்றைய ஜி.எஸ்.கே. நிறுவனமும் 1980களில் தொடங்கிய வேலை அது. 2009 முதல் 2014 வரை ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து மாதம் முதல் பதினேழு மாதம் வரையுள்ள குழந்தைகளில் முதல் ஆண்டில் மலேரியாக் காய்ச்சல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் நான்காவது ஊசியும் போட்டு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கவனித்தபோது அந்தப் பலன் நூற்றுக்கு 36 என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. தட்டம்மைத் தடுப்பூசியின் பலனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது குறைவாகத் தோன்றும். 2019இல் கானா, கென்யா, மலாவி ஆகிய மூன்று நாடுகளில் வழக்கமான அரசுத் தடுப்பூசித் திட்டத்தின் வழியாகவே முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்தபோது, ஊசி போடும் வயதுக் குழந்தைகளிடையே, விபத்து நீங்கலாக, எல்லாக் காரணங்களாலும் ஏற்படும் மரணம் நூற்றுக்கு 13 குறைந்தது. இந்த ஆராய்ச்சியில் நான் மிகவும் மதிப்பது அந்த 13ஐத்தான். ஏனென்றால் அது காய்ச்சல் கணக்கு அன்று, பிழைத்த குழந்தைகளின் கணக்கு. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. முன்னோட்ட நாடுகளுக்கு வெளியே, நாட்டின் வழக்கமான திட்டத்தில் இதை முதலில் சேர்த்தது கேமரூன், 2024 ஜனவரியில்.

நீங்கள் டிவியில் கேட்டது இரண்டாவது தடுப்பூசி. அதன் பெயர் ஆர்21. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கியது. புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கிறது. கோவிட் காலத்தில் நம் ஊரில் பலரும் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு தடுப்பூசியும் இதே கூட்டில் வந்ததுதான். புர்கினா ஃபாசோ, கென்யா, மாலி, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 4,800 குழந்தைகளிடம் சோதித்தார்கள். மழைக்காலத்தில் மட்டும் மலேரியா பரவும் இடங்களில், அந்தப் பருவம் தொடங்குவதற்கு முன்பே ஊசி போட்டபோது, ஓராண்டில் காய்ச்சல் நூற்றுக்கு 75 குறைந்தது. ஆண்டு முழுவதும் பரவும் இடங்களில் 68 குறைந்தது. 2023 அக்டோபரில் இதற்கும் பரிந்துரை கிடைத்தது. ஒரு ஊசியின் விலை 2 முதல் 4 டாலர் என்பதும், ஆண்டுக்குப் பத்துக் கோடி ஊசிகள் தயாரிக்கும் வசதி புனேயில் இருப்பதும் ஏழை நாடுகளுக்குப் பெரிய உதவி. 2024 ஜூலையில் ஐவரி கோஸ்ட் நாடு இதைப் போடத் தொடங்கியது. இன்று இந்த இரண்டு தடுப்பூசிகளில் ஒன்றையாவது கொடுக்கும் ஆப்பிரிக்க நாடுகள் இருபதைத் தாண்டிவிட்டன.

இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றே. அனாஃபிலிஸ் கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீருடன் ஒட்டுண்ணியின் நுண்ணிய வடிவம் ஒன்று தோலுக்குள் இறங்கி, ரத்தத்தில் கலந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் கல்லீரலைச் சேர்ந்துவிடும். அங்கே ஒரு வாரம் போலப் பல்கிப் பெருகி, ஆயிரக்கணக்கில் வெளிவந்து, சிவப்பணுக்களில் புகுந்த பிறகுதான் நடுக்கமும் காய்ச்சலும் வரும். கல்லீரலைச் சேர்வதற்கு முன்னுள்ள அந்தச் சிறு இடைவெளியிலேயே பிடித்துவிட வேண்டும் என்பதே திட்டம். அதற்காக, அந்த வடிவத்தின் மேலுறையில் உள்ள புரதத்தின் ஒரு துண்டை, பிறந்த குழந்தைக்கு நாம் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில் இருக்கும் புரதத்துடன் இணைத்து, நோயெதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருள் ஒன்றையும் சேர்த்து ஊசியாகத் தருகிறார்கள். ஆர்21இல் மலேரியாப் புரதத்தின் அடர்த்தி அதிகம். உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள் மிக அதிக அளவில் இருந்தால்தான் அந்தச் சிறு இடைவெளிக்குள் வேலை முடியும். மாதங்கள் செல்லச் செல்ல அது குறைவதால்தான் முதல் மூன்று ஊசிகளுக்குப் பிறகு ஓராண்டு கழித்து நான்காவது ஊசி தேவைப்படுகிறது. தப்பித்து ஓரிரண்டு கல்லீரலுக்குள் புகுந்துவிட்டால்கூட நோய் வந்துவிடும். வைரஸ்களுடன் ஒப்பிட்டால் இந்த ஒட்டுண்ணி மிகவும் சிக்கலானது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களைக் கொண்டது. சிவப்பணுவுக்குள் இருக்கும்போது அந்த அணுவின் மேற்பரப்பில் தான் காட்டும் புரதத்தை மாற்றிக்கொண்டே இருப்பது. ஒரு முறை மலேரியா வந்தவருக்கே மறுபடி வருகிறது எனும்போது, ஊசி ஒன்று வாழ்நாள் பாதுகாப்புத் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அடுத்த கட்ட முயற்சிகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஆர்.எச்.5 என்ற புரதத்தைத் தடுக்கும் தடுப்பூசியைப் புர்கினா ஃபாசோ குழந்தைகளிடம் சோதித்து, காய்ச்சல் ஏறத்தாழ பாதிக்குமேல் குறைந்ததாக 2024 இறுதியில் வெளியிட்டார்கள். கல்லீரலுக்கு முன்னால் ஒன்று, ரத்தத்தில் ஒன்று என இரண்டு இடத்திலும் மறிக்கும் கூட்டுத் தடுப்பூசிக்கு இது வழி திறக்கிறது. நம் நாட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் புவனேஸ்வர் மையம் ஆட்ஃபால்சிவாக்ஸ் என்ற தடுப்பூசியை உருவாக்கியிருப்பதாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். அது கடிபட்டவரைக் காப்பதோடு, அவரைக் கடித்த கொசுவின் வயிற்றிலும் ஒட்டுண்ணி வளராமல் தடுத்துப் பரவலைக் குறைக்கும் நோக்கம் கொண்டது. ஆய்வகத்திலும் விலங்குகளிலும் பார்த்த நிலையில், மனிதர்களிடம் சோதிப்பதற்கு முன்பே வந்த அறிவிப்பு அது. இதுவும் ஃபால்சிபேரத்துக்கானதே.

உங்கள் மகனைத் தொல்லைப்படுத்தும் விவாக்ஸுக்கு உரிமம் பெற்ற தடுப்பூசி எதுவும் இல்லை. ஃபால்சிபேரத்தை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க முடிகிறது. விவாக்ஸை அப்படி வளர்க்க இன்றுவரை நம்பகமான வழி அமையவில்லை. அது புதிதாகப் பிறந்த இளம் சிவப்பணுக்களில் மட்டுமே குடியேறும் வழக்கம் கொண்டது. இருந்தும் ஒரு நல்ல அடையாளம் உண்டு. தில்லியில் உள்ள பன்னாட்டு மரபணுப் பொறியியல் மையத்தின் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக உழைத்த ஒரு புரதத்தைக் கொண்டு செய்த தடுப்பூசியை, ஆக்ஸ்ஃபோர்டில் தன்னார்வலர்களுக்குப் போட்டு, பிறகு மருத்துவக் கண்காணிப்பில் அவர்களுக்கு விவாக்ஸ் தொற்றை உண்டாக்கிப் பார்த்ததில், ரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகும் வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 2023இல் அதன் முடிவு வெளியானது. வேகம் குறைவது வேறு, நோய் வராமல் இருப்பது வேறு. கொல்வது குறைவு என்பதாலேயே விவாக்ஸ் இவ்வளவு காலம் பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டது என்பது என் கருத்து. மாதக்கணக்கில் வேலை இழப்பவர்களின் வீட்டில் அதன் கனம் தெரியும்.

புனேயில் செய்யும் ஊசி நமக்கு ஏன் இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். அரசுக் கணக்கின்படி, இந்தியாவில் 2015இல் 11.69 லட்சமாக இருந்த மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை 2023இல் 2.27 லட்சமாகக் குறைந்துவிட்டது. அது தடுப்பூசியால் அன்று, மருந்திட்ட கொசுவலை, உடனடி ரத்தப் பரிசோதனை, முழுச் சிகிச்சை ஆகியவற்றால் நடந்தது. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இலங்கையும் இவற்றைக் கொண்டுதான் 2016இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழைப் பெற்றது. மேலும் நம் நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு வருவது விவாக்ஸ். அவர்களுக்கு இந்த ஊசியால் பயனில்லை.

இப்போது மகனுக்கான சிகிச்சை. முதல் மூன்று நாள் கொடுக்கும் குளோரோகுயின் ரத்தத்தில் உள்ளவற்றை மட்டுமே அழிக்கும். கல்லீரலில் உறங்குபவற்றை அழிப்பது பிரைமாகுயின். அதைக் காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 14 நாள் முழுவதும், சாப்பாட்டுக்குப் பிறகு, எடைக்கு ஏற்ற அளவில் எடுக்க வேண்டும். கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.25 மில்லிகிராம் என்பது நம் நாட்டில் வழக்கமான அளவு. 60 கிலோ உள்ளவருக்கு 15 மில்லிகிராம். அதைவிடக் கனமானவர் அதே 15ஐ எடுத்தால் அளவு போதாமல் போகும்; எனவே எடை பார்த்துத்தான் மாத்திரை எழுத வேண்டும். பையில் கிடக்கும் பழைய அட்டையை எடுத்துத் தொடர வேண்டாம். மருந்து தொடங்கும் முன் ஜி6பிடி என்ற நொதியின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். பரம்பரையாக அது குறைவாக உள்ளவர்களுக்குப் பிரைமாகுயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மருந்து எடுக்கும் நாட்களில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வர வேண்டும். மேலூர் அரசு மருத்துவமனையில் அந்தப் பரிசோதனைக்கு வசதி இல்லையென்றால், மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூன்று முறை வந்த காய்ச்சலின் தேதிகளையும் சீட்டுகளையும் எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும். அப்படியே மருமகளிடம், கர்ப்பம் இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்குப் பிரைமாகுயின் தரக் கூடாது என்பதோடு, கர்ப்ப காலத்தில் மலேரியா வந்தால் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து கூடுதல் என்பதால், அந்நிலையில் கோராபுட் பயணத்தையே தள்ளிப் போடச் சொல்வேன்.

பேரன் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். கோராபுட் பகுதியில் ஃபால்சிபேரம் பரவலாக உண்டு. மேலூரில் வளரும் குழந்தைக்கு அதற்கெதிரான எதிர்ப்புச் சக்தி கிடையாது. பயணிகள் எடுக்கும் தடுப்பு மாத்திரைகளில் டாக்சிசைக்ளினை எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தருவதில்லை. மெஃப்ளோகுயினைக் குழந்தை மருத்துவர் எடை பார்த்து முடிவு செய்யலாம், ஆனால் மாதக்கணக்கில் தங்கும் குடும்பத்துக்கு மாத்திரை நிரந்தர வழி ஆகாது. மகன் முதலில் தனியாகப் போய், சன்னல்களுக்கு வலை அடித்த வீடு கிடைத்த பிறகு இவர்களை அழைப்பது நல்லது. டெங்குக் கொசு பகலில் கடிக்கும். மலேரியாக் கொசு பெரும்பாலும் அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். அதனால் இருட்டியதும் குழந்தைக்குக் கைகால் மூடிய உடை, மருந்திட்ட கொசுவலைக்குள் தூக்கம், வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுவது ஆகியவை கட்டாயம்.

அங்கே இருக்கும்போதோ, ஊர் திரும்பிய பல மாதங்களுக்குள்ளோ குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் அன்றே ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்; முதல் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் மறுநாளும், அதற்கடுத்த நாளும் எடுக்கச் சொல்லுங்கள். நம் ஊர் மருத்துவர் டெங்குவைத்தான் முதலில் நினைப்பார் என்பதால், 'ஒடிசாவிலிருந்து வந்தோம்' என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும். வலிப்பு, எழுப்பினாலும் எழாத சோர்வு, பால் குடிக்க மறுப்பது, உடல் வெளுத்துப் போவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டால் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக்கூட வீட்டில் காத்திருக்காமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.