ரிசர்வ்டு பின்: டேட்டாஷீட்டும் ஸ்கெமாட்டிக்கும் முரண்பட்டால்?

கேள்வி: ஐயா, மணலிப் பகுதித் தொழிற்சாலைகளில் பம்ப் மோட்டார்களின் அதிர்வை அளப்பதற்கான ஒரு சிறு கருவியை வடிவமைத்து வருகிறேன். அதற்காகத் தேர்ந்தெடுத்த ஆக்ஸிலரோமீட்டர் (அதிர்வு, முடுக்கத்தை அளக்கும்) சிப்பின் டேட்டாஷீட்டில், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பில், ஒரு பின்னுக்கு (இணைப்பு முனைக்கு) எதிரே, ‘ரிசர்வ்டு, எதனோடும் இணைக்கக் கூடாது’ என்றிருக்கிறது. அதே நிறுவனம் வெளியிட்ட ரெஃபரன்ஸ் ஸ்கெமாட்டிக்கிலோ (மாதிரி மின்சுற்றுப் படத்திலோ) அந்தப் பின் கிரவுண்டுக்கு (சுற்றின் பூஜ்ய வோல்ட் இணைப்புக்கு) போகிறது. எதை நம்பி பிசிபி (மின்சுற்றுப் பலகை) போடுவது?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: முதலில் அவ்விரண்டும் ஒரே சிப்பைப் பற்றியவைதாமா என்று பாருங்கள். பின் அமைப்பு ஒத்த பல சிப்புகளுக்குப் பொதுவாக ஒரே ஸ்கெமாட்டிக்கை வெளியிடுவதும், சிப் விற்பனைக்கு வருவதற்கு முந்தைய மாதிரிகளை வைத்து வரைந்த படத்தைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிடுவதும் இத்துறையில் வழக்கமானவையே. ஆகவே பார்ட் நம்பரின் கடைசி எழுத்துகள், பேக்கேஜ் (சிப்பின் உறை வடிவம்), இரு ஆவணங்களின் பதிப்பு எண், தேதி ஆகியவற்றை ஒப்பிட்டுவிட்டு, டேட்டாஷீட்டின் திருத்த வரலாற்றில் அந்தப் பின்னைப் பற்றி ஏதேனும் குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பிழைப் பட்டியல் தனியாக வெளியாகியிருந்தால் அதையும் படியுங்கள். படத்தில் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் இருந்தால், பாகப் பட்டியலில் அது ‘பொருத்த வேண்டாம்’ என்று குறிக்கப்பட்டிருக்கக்கூடும். அப்படியானால் முரண்பாடே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் முரண்பாடு நீடித்தால், உங்கள் விஷயத்தில் டேட்டாஷீட்டின் பக்கம் நிற்பதே சரி. டேட்டாஷீட் என்பது விற்கும் சிப்புகள் அனைத்துக்குமாகத் தயாரிப்பாளர் தரும் உறுதி. ஸ்கெமாட்டிக் காட்டுவதோ, அப்படி அமைத்த ஒரு போர்டு வேலை செய்தது என்பதை மட்டுமே. ரிசர்வ்டு பின்களில் பல, தொழிற்சாலையில் சிப்பைச் சோதிப்பதற்கோ அளவைத் திருத்தி உள்ளே பதிவதற்கோ வைக்கப்பட்டவை. அத்தகைய பின் ஏதேனும் ஒரு நிலையில் அவுட்புட்டாக மாறி உயர் மின்னழுத்தத்தைத் தரும்போது, அதை நேராகக் கிரவுண்டில் கட்டியிருந்தால் தேவையற்ற மின்னோட்டம் பாய்ந்து சிப் சூடாகலாம், பழுதாகவும் செய்யலாம். இணைக்காமல் விடச் சொல்லும் தயாரிப்பாளர், பின்னின் வோல்டேஜ் நிலையின்றி அலைபாயாதிருக்க உள்ளேயே வழி செய்திருப்பார் என்று பொதுவாகக் கொள்ளலாம். முரண்பாடு தலைகீழாக இருந்து, டேட்டாஷீட் கிரவுண்டு செய்யச் சொல்லி ஸ்கெமாட்டிக் திறந்து விட்டிருந்தால், தயங்காமல் கிரவுண்டு செய்யுங்கள்.

பயன்படாத பின்களையெல்லாம் கிரவுண்டில் கட்டிவிடும் பழைய பழக்கம் இங்கே உதவாது. எம்பியு-9250 என்ற 24 பின் மோஷன் சென்சாரில் 1ஆம் பின்னை இன்டர்ஃபேஸ் மின்வழங்கலோடும் 20ஆம் பின்னைக் கிரவுண்டோடும் இணைக்க வேண்டும், 19ஆம் பின்னை எதனோடும் இணைக்கக் கூடாது என்கிறது அதன் டேட்டாஷீட். மூன்றுமே அங்கே ரிசர்வ்டு பின்கள்தாம்.

முதல் போர்டில் இரண்டு வழிகளையும் திறந்து வைப்பது நல்லது. பின்னுக்கு மிக அருகில் கிரவுண்டை நோக்கி ஒரு ரெசிஸ்டருக்கான இடம் விட்டு, அதைக் காலியாகவே வையுங்கள். இணைப்புத் தடம் நீண்டால் இரைச்சலை வாங்கும் என்பதால் அதைக் குறுக்கியே போடுங்கள். போர்டுக்கு மின்சாரம் கொடுத்து அந்தப் பின்னின் வோல்டேஜை அளந்து, அது மின்வழங்கலுக்கு அருகில் இருந்தால், உள்ளே புல்-அப் (பின்னை மின்வழங்கலின் பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) உள்ளது அல்லது சிப்பே அதை இயக்குகிறது என்று அறிந்து கிரவுண்டு யோசனையைக் கைவிடுங்கள். கிரவுண்டு செய்து பார்த்தே ஆக வேண்டுமானால் 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகச் செய்யுங்கள், 3.3 வோல்ட்டில் 0.33 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடாது. இதற்கிடையே தயாரிப்பாளரின் தொழில்நுட்ப உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். ‘எது சரி’ என்று மட்டும் கேட்டால் டேட்டாஷீட்டைப் பார்க்கச் சொல்லிப் பதில் வரும். இரு ஆவணங்களின் பதிப்பு எண்ணையும் பக்கத்தையும் குறிப்பிட்டு, அந்தப் பின்னுக்கு உள்ளே புல்-அப்போ புல்-டவுனோ (கிரவுண்டின் பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டரோ) உண்டா என்று கேளுங்கள்.

உங்கள் கருவி எண்ணூர், மணலி வட்டாரத்தின் உப்புக் காற்றில் ஆண்டுக்கணக்கில் இருக்கப் போகிறது. சரியாகக் கழுவப்படாத ஃப்ளக்ஸ் (சாலிடர் ஒட்ட உதவும் பொருள்) கசடு உப்போடும் ஈரத்தோடும் சேரும்போது, பக்கத்துப் பின்னிலிருந்து திறந்த பின்னுக்குச் சிறு கசிவு மின்னோட்டம் போக வழி ஏற்படும். குளிரூட்டிய அறையின் மேசையில் பிசகாமல் ஓடிய போர்டு அங்கே தடுமாறுவதற்கு இதுவே காரணமாகிவிடலாம். எனவே போர்டை நன்றாகக் கழுவி, உலர்த்தி, காப்புப் பூச்சு பூசிய பிறகு ஈரப்பதம் மிகுந்த சூழலிலும் சோதியுங்கள்.

கேள்வி: இணைக்க வேண்டாம் என்று சொல்லப்பட்ட பின்னின் பேடையே (அதைச் சாலிடர் செய்யும் செப்புத் தளத்தையே) போர்டில் போடாமல் விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கூடாது. பேடை வைத்துச் சாலிடர் செய்யுங்கள். அதிலிருந்து தடம் போடாமல் விட்டால் போதும். கால்கள் இல்லாத பேக்கேஜ்களில் ஒரு பக்கம் பேட் குறைந்தால், சாலிடர் உருகும்போது சிப் சாயவோ நகரவோ கூடும். நடுவிலுள்ள பெரிய பேட் மட்டும் வேறு கணக்கு. சில மோஷன் சென்சார்களில் அதைச் சாலிடர் செய்தால் பேக்கேஜில் இறுக்கம் ஏற்பட்டு அளவு பிசகும் என்பதால், செய்ய வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்வதுண்டு. அந்தந்த சிப்பின் பொருத்தும் குறிப்பைப் பார்த்துச் செய்யுங்கள்.