17 வயதுக்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடம்? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறோம். மூத்த மகனுக்கு 17 வயது, டவுன் சிண்ட்ரோம். இங்குள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையின் விசேட கல்வி அலகில் சின்ன வயதிலிருந்து படிக்கிறான். இந்த வருடத்தோடு நிறுத்த வேண்டிவரும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி ஒரு வீடியோ அனுப்பினாள். அங்கே இப்படியான பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கே போகிறார்களாம். பார்த்துவிட்டு அழுதேன். இங்கே தமிழில் இவனுக்கு என்ன கோர்ஸ் இருக்கிறது? ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதவைக்கலாமா? கணவரின் தம்பி, "கடையில் கொண்டுவந்து விடுங்கோ" என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. ஜனவரியில் "பள்ளிக்கூடம் எங்கே?" என்று கேட்பான். என்ன சொல்வது?

பெயர் வேண்டாம்,
ஒரு அம்மா

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த வீடியோ. அதில் பொய் இல்லை. கனடாவில் அல்பேர்ட்டா பல்கலைக்கழகம் 1987இலேயே அறிவுசார் இயலாமை உள்ளவர்களைத் தன் வகுப்புகளுக்குள் எடுத்தது. அமெரிக்காவில் 2008இல் வந்த உயர்கல்விச் சட்டம், பள்ளிச் சான்றிதழ் இல்லாத இந்த மாணவர்களுக்கும், அனுமதி பெற்ற கல்லூரித் திட்டங்களில் சேர்ந்தால் அரசின் படிப்புதவி கிடைக்க வழி செய்தது. ஆனால் அங்கே போகிறவர்களில் அநேகர் பட்டம் வாங்குவதில்லை. விருப்பமான வகுப்பில் பரீட்சையின் பயமில்லாமல் உட்காருகிறார்கள், பகுதிநேர வேலை ஒன்றைப் பழகுகிறார்கள், தனியாகச் சமைக்கவும் பஸ் பிடிக்கவும் கற்கிறார்கள், கடைசியில் ஒரு சான்றிதழ். உங்களை அழவைத்தது பல்கலைக்கழகக் கட்டடமாக இருக்காது என்று நினைக்கிறேன். தன் வயதுப் பிள்ளைகள் காலையில் போகும் இடத்துக்கு அந்தப் பிள்ளையும் போகிறது, அதுதான்.

எனக்குத் தெரிந்து இங்கே அப்படி ஒன்று இல்லை. சட்டம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதி மறுக்கக்கூடாது என்கிறது. இயலாமை உள்ளவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. அதன் 24ஆம் உறுப்புரை உயர்கல்வி, தொழிற்பயிற்சி, வளர்ந்தோர் கல்வி எல்லாவற்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அரச வேலையில் 3 சதவீதம் ஒதுக்கச் சொல்லி 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. ஆனால் அந்த வேலைக்குரிய தகைமையும் வேண்டும் என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. ஓ.எல். இல்லாத உங்கள் மகனுக்கு அதனால் என்ன பிரயோசனம்? யாராவது அதைக் காட்டி நம்பிக்கை தந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஓ.எல். பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. அவனுக்கே ஆசை இருந்தால், சித்திரமோ சங்கீதமோ ஒரு பாடத்தை எழுதட்டும். பரீட்சைத் திணைக்களத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்தால் மேலதிக நேரம் வாங்க வழியுண்டு. சொந்தக்காரருக்குச் சொல்வதற்காக என்றால் வேண்டாம். அதற்கான இரண்டு வருட டியூஷனில் அவன் பழகியிருக்கக்கூடிய விஷயங்கள் எத்தனையோ.

எனக்கு இதில் ஏதோ தெரியும் என்று நீங்கள் எழுதக் காரணம், என் சித்தியின் மகனைப் பற்றி நான் முன்பு எழுதியதாக இருக்கலாம். இப்போது அவனுக்கு 34 வயது, தெஹிவளையில் வீடு. பள்ளிக்கூடம் முடிந்ததும் சித்தி அவனை ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்தார். மூன்றாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். "சொல்வது விளங்குவதில்லை" என்றார்கள். விளங்காதுதான். சொன்னதெல்லாம் சிங்களத்தில். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, தலையை ஆட்டிக்கொண்டு மூன்று நாள் இருந்திருக்கிறான். அவர்கள் எழுதிய காரணத்தில் மொழி என்ற சொல்லே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் வீட்டில், டிவிக்கு முன்னால். அப்புறம் புறக்கோட்டையில் அப்பியாசக் கொப்பி கட்டும் ஒரு சின்ன அச்சகத்தில், தெரிந்தவர் மூலம் இடம் கிடைத்தது. கொப்பிகளை 25 ஆக அடுக்கிக் கட்ட வேண்டும். அவனுக்கு 12க்கு மேல் எண்ண வராது. முதல் வாரம் ஒரு கட்டில் 22, இன்னொன்றில் 31. முதலாளி சத்தம் போடவில்லை, ஆனால் முகம் சரியில்லை. பைண்டிங் பலகை அறுக்க வயதான தச்சர் ஒருவர் அங்கே வந்திருந்தார். அவர் மிஞ்சிய பலகையில் மேலே திறந்த ஒரு பெட்டி செய்தார். 25 கொப்பி வைத்தால் விளிம்போடு சரியாக நிற்கும். 26ஆவது வெளியே துருத்தும். அவ்வளவுதான். இன்றைக்கு அந்த இடத்தில் அவன் கட்டுவதை யாரும் திரும்ப எண்ணுவதில்லை. எண்ணத் தெரிந்தவர்கள் கட்டியதைத்தான் எண்ணுகிறார்கள்.

அதனால் நீங்கள் இடம் பார்க்கப் போகும்போது கோர்ஸின் பெயரைக் கேட்காதீர்கள். யார் சொல்லிக்கொடுப்பார்கள், எந்த மொழியில், பிள்ளைக்கு ஒன்று வராவிட்டால் அந்த இடத்தில் எதை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு விழிப்பவர்களிடம் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். வெள்ளவத்தை என்றால் உங்களுக்கு திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். அங்குள்ள சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். சமூக சேவைகள் திணைக்களம் நடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு அந்த வழியாகப் போகலாம். சீதுவையில் இருப்பது கொழும்புக்குக் கிட்ட. சேர்க்க முன் ஒரு முழு நாள் போய் இருந்து பாருங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, வேலைக்கான நூறு சிங்களச் சொல்லை இப்போதே தொடங்கலாம். "எடு, வை, போதும், பொறு, எங்கே வலிக்கிறது."

சான்றிதழ் வேண்டும் என்ற ஆசை தவறில்லை. இங்கே என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமை 1 முதல் 7 வரை இருக்கிறது. வேலையிலேயே பழகியவர்கள், வகுப்புக்குப் போகாமல், செய்து காட்டி அதைப் பெறும் முறையும் உண்டு. கீழ் மட்டங்களுக்கு ஓ.எல். தடையாக இருப்பதில்லை. அதாவது வேலை முதலில், கடதாசி பிறகு.

இனி கொழுந்தனின் கடை. உங்களுக்கு மனம் வராதது எனக்கு விளங்குகிறது, ஆனால் உடனே தள்ளிவிடாதீர்கள். மூலையில் கதிரை போட்டு உட்கார்த்தி, வருகிறவர்கள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவதானால் வேண்டாம். அவனுக்கென்று ஒரு வேலை, அதற்கு ஒரு நேரம், மாத முடிவில் அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குச் சம்பளம் என்றால் அனுப்புங்கள். பழகும் காலம் மூன்று மாதமோ ஆறு மாதமோ, அதை முதலிலேயே பேசிவிடுங்கள். "பழகுகிறான்தானே" என்று பத்து வருடம் சும்மா வேலை வாங்கிய உறவினர்களை நான் கண்டிருக்கிறேன். சேமலாப நிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு) கட்டச் சொல்லிக் கேட்கவும் கூச்சப்படாதீர்கள். அவன் சம்பளத்தில் 8 சதவீதம், கொழுந்தன் தன் பங்குக்கு 12. குடும்பத்துக்குள் கணக்கா என்பார். ஆம், கணக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பஸ். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சித்தி முதல் வாரம் 101இல் அவன் பக்கத்தில் இருந்து போனார், அடுத்த வாரம் நாலு சீற் பின்னால், அதற்கடுத்த வாரம் ஏற்றிவிட்டுப் பின்னால் வந்த பஸ்ஸில். ஒரு நாள் கண்டக்டர் கத்திய கத்தலில் பம்பலப்பிட்டியிலேயே இறங்கிவிட்டான். ஒரு பார்மசி வாசலில் ஒரு மணித்தியாலம் நின்றிருக்கிறான். பிறகு ஒரு ஆட்டோக்காரர் அவன் சட்டைப் பையில் இருந்த அட்டையைப் பார்த்து சித்திக்கு அழைத்தார். சித்தி இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் மறுபடியும் பக்கத்து சீற்றிலிருந்து தொடங்கினார். மொத்தம் ஏழு மாதம்.

வேலை மட்டுமே வாழ்க்கையாகிவிடவும் விடாதீர்கள். அறிவுசார் இயலாமை உள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இங்கும் இருக்கிறது. எட்டு வயதிலிருந்து சேரலாம், மேல் வயதெல்லை இல்லை. நடனமும் நாடகமும் பிடிக்குமென்றால் சுனேரா நிறுவனத்தின் பயிற்சிகளைப் பற்றி விசாரியுங்கள்.

ஜனவரியில் கேட்டால் "பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். டிசம்பரிலேயே சுவரில் ஒரு கலண்டரை மாட்டி, எந்த நாள் எங்கே என்று படம் ஒட்டுங்கள். கடை, சந்தை, விளையாட்டு, அம்மம்மா வீடு. காலை ஏழு மணிக்கு வழக்கம்போல எழுப்புங்கள். பள்ளிக்கூடப் பையை எடுத்து ஒளித்துவைக்க வேண்டாம். சித்தியின் மகன் இன்றும் அதைப் போல ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறான். உள்ளே சாப்பாட்டுப் பெட்டி, குடை, சில்லறைக் காசு, பிறகு அந்த அட்டை.

அன்புடன்,
அண்ணா